பழைய இழையும் புதிய கருவியும்

1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடையே ஒரு மீட்டர் அகலம் வைத்தார்கள். பின்னர் பாதை வடக்கும் தெற்குமாக நீண்டது. அந்த மண் வேலையில் நம் முன்னோர் பலர் வியர்வை சிந்தினர். முதலில் நீராவி இயந்திரம் ஓடியது. பிறகு டீசல் இயந்திரம் வந்தது. 2010ஆம் ஆண்டு ஈப்போவிற்கும் சிரம்பானுக்கும் இடையே விரைவு மின்இரயிலும் ஓடத் தொடங்கியது. வண்டிகள் எத்தனையோ மாறின. அந்த ஒரு மீட்டர் அகலம் மட்டும் மாறவில்லை. ஆகவேதான் புதிய மின்வண்டியைப் பழைய அளவிலேயே ஓட்ட முடிந்தது. ஆனால் 2002ஆம் ஆண்டு விமான நிலையத்திற்கென அமைத்த விரைவு இரயில் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். இரண்டு வண்டிகளும் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் ஒரே கூரையின்கீழ் வந்து நிற்கின்றன. எனினும் ஒன்றின் பாதையில் மற்றொன்று ஓட இயலாது.

நிலத்தில் கிடப்பதும் அதன்மேல் ஓடுவதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது. இதே சிக்கல் இன்று கண்ணுக்குத் தெரியாத வேறொரு பாதையிலும் இருக்கிறது. பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு கட்டடத்தை மற்றொரு கட்டடத்தோடு இணைக்கும் ஒளியிழைகளே அப்பாதை. பல ஆண்டுகளுக்கு முன் புதைத்த இழையில் புதிய கருவி வேலை செய்யுமா? ஒரு கட்டடத்தில் பழைய கருவியும் அடுத்த கட்டடத்தில் புதிய கருவியும் இருந்தால் அவை ஒன்றோடொன்று பேசுமா? இக்கேள்விகளின் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப்போகிறோம்.

நமக்கு இது எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று தொழிற்கல்லூரிகளில் பயில்கின்றனர். வடம் இழுப்பதும் கருவிகளைப் பொருத்துவதும் அவர்களுக்குச் சோறு போடும் தொழிலாக அமையக்கூடும். தவறான கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்குவதும், நல்ல இழையைப் பயனற்றது என்று எண்ணிக் கைவிடுவதும் அவர்கள் பெறும் அறிவைப் பொறுத்தவை. ஆகையால் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்க வேண்டிய செய்தி இது.

முதலில், ஒளி எப்படி வளைந்து செல்கிறது என்பதைப் பார்ப்போம். 1841ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் டேனியல் கொலாடன் என்ற அறிஞர், பாத்திரத்தின் துளை வழியே பாயும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். நீர் வளைந்து விழுந்தபோது ஒளியும் அதனுள்ளேயே வளைந்து சென்றது. இதே தத்துவத்தைக் கண்ணாடி இழையில் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அவரும் ஹெரால்டு ஹாப்கின்சும் 1954ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து தங்கள் ஆய்வை வெளியிட்டனர். ஆனால் அக்காலக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே மங்கிப்போனது.

1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்கை முன்வைத்தனர். குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில் இருக்கிறது என்றனர். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சினால் தொலைபேசிக்கு இழை பயன்படும் என்றனர். 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் என்ற மூவர் அந்த எல்லையைத் தாண்டினர். இன்றைய நல்ல இழையிலோ ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி மிஞ்சுகிறது. காவோவுக்கு 2009ஆம் ஆண்டு பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

இனி இழையின் அமைப்பைக் காண்போம். ஒளியிழையின் கண்ணாடி 125 மைக்ரான் தடிமன் கொண்டது. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அந்தக் கண்ணாடியின் நடுவில் ஒளி செல்லும் பகுதிக்கு மையம் என்று பெயர். மையம் அகலமாக இருந்தால் ஒளி பல தடங்களில் செல்லும். இதைப் பலதட இழை என்போம். பணியாளர்கள் இதை மல்டிமோட் என்பார்கள். மையம் சுமார் 9 மைக்ரான் அளவுக்குக் குறுகியிருந்தால் ஒளிக்கு ஒரே தடம்தான். அது ஒற்றைத்தட இழை, அதாவது சிங்கிள்மோட்.

1980ஆம் ஆண்டுகளில் நெடுந்தொலைவு செல்ல வேண்டிய தொலைபேசி நிறுவனங்கள் ஒற்றைத்தட இழைக்கு மாறின. ஆனால் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பலதட இழையே புதைக்கப்பட்டது. கட்டடங்களுக்கிடையே தூரம் சில நூறு மீட்டர்தான். மிஞ்சினால் இரண்டு கிலோமீட்டர். அகன்ற மையத்தில் ஒளியைச் செலுத்த மலிவான எல்.இ.டி. விளக்கே போதும். ஒற்றைத்தட இழைக்கோ விலையுயர்ந்த லேசர் தேவைப்பட்டது. ஆகவே 62.5 மைக்ரான் மையமுள்ள இழை அமெரிக்க வளாகங்களில் வழக்கமாயிற்று; ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 50 மைக்ரான் இழையும் புழங்கியது. அன்றைய தேவைக்கு அந்த முடிவு சரியானதே. பிழை எங்கே நேர்ந்தது என்றால், அன்றைய தேவையே என்றைக்கும் நிற்கும் என்று நினைத்த இடங்களில்தான்.

அன்றைய வேகம் நொடிக்கு 10 மெகாபிட். அதற்கான கருவிகள் 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைப் பயன்படுத்தின. அலைநீளம் என்பதை ஒளியின் நிறம் என்று எளிமையாகக் கொள்ளலாம். பிறகு நொடிக்கு 100 மெகாபிட் வேகம் வந்தது. 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் எப்.டி.டி.ஐ. என்ற வளைய அமைப்பும், 1995ஆம் ஆண்டு வேக ஈதர்நெட்டும் இந்த வேகத்தைத் தந்தன. இவை 1,300 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்தின. இழை அதே இழை, செருகியும் அதே செருகி. ஆனால் ஒரு முனையில் 10 மெகாபிட் கருவியும் மறுமுனையில் 100 மெகாபிட் கருவியும் இருந்தால் இரண்டும் பேசா. ஒன்றின் நிறத்தைக் காண மற்றொன்றின் கண்ணுக்குப் பழக்கமில்லை.

செம்புக் கம்பியில் இந்தத் தொல்லை குறைவு. 1995ஆம் ஆண்டு முதலே செம்புக் கம்பிக் கருவிகள் செருகியவுடன் தங்களுக்குள் வேகத்தைக் கேட்டறிந்து, இருவருக்கும் இயன்ற வேகத்தில் பேசிக்கொள்ளக் கற்றுவிட்டன. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஒளியிழைக் கருவியும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இழையின் இரு முனைகளிலும் ஒரே வேகமும் ஒரே வகை ஒளியும் வேண்டும். செருகி பொருந்துவதால் மட்டும் கருவிகள் பொருந்திவிடுவதில்லை. இந்த ஒன்றை மறவாமல் இருந்தாலே பாதிச் செலவு மிஞ்சும்.

அடுத்து 1998ஆம் ஆண்டில் நொடிக்கு ஆயிரம் மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட் வேகத்திற்கான விதி வெளியாயிற்று. இந்த வேகத்தில் அணைந்தணைந்து எரிய எல்.இ.டி. விளக்கால் முடியவில்லை. லேசர் வேண்டியதாயிற்று. அதுமட்டுமன்று, இழையின் எல்லையும் சுருங்கிவிட்டது. 100 மெகாபிட் வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் சென்ற அதே 62.5 மைக்ரான் இழையில், 850 நானோமீட்டர் லேசரைக் கொண்டு அனுப்பிய கிகாபிட் செய்தி 275 மீட்டர்தான் சென்றது. இன்னும் பழைய வகை இழையில் 220 மீட்டர்தான். ஏன் இப்படி?

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பெரட்டுக் களத்திலிருந்து பிள்ளைகளைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாக ஆலைக்கு ஓடச் சொல்கிறோம். சிலர் நேர்வழியாக ஓடுகிறார்கள். சிலர் பால்மரங்களின் இடையே சுற்றி ஓடுகிறார்கள். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் ஐந்து நிமிட இடைவெளி விட்டால், ஆலையில் நிற்பவர் எவர் எந்தக் குழு என்று எளிதில் சொல்லிவிடுவார். அரை நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்பினாலோ, பின்னால் புறப்பட்டு நேர்வழியில் வந்தவர் முன்னால் புறப்பட்டுச் சுற்றி வந்தவரை முந்திவிடுவார். குழுக்கள் கலந்துவிடும். பலதட இழையில் ஒளிக்கும் இதுவே நேர்கிறது. வேகம் கூடக் கூட இடைவெளி குறைகிறது. தூரம் கூடக் கூடக் கலப்பு மிகுகிறது. ஆகவே வேகத்தைக் கூட்டினால் தூரத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

இழை செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நேர்வழியில் செல்லும் ஒளி மெதுவாகவும், சுற்றுவழியில் செல்லும் ஒளி விரைவாகவும் போகுமாறு கண்ணாடியின் பக்குவத்தை மையத்திலிருந்து விளிம்புவரை படிப்படியாக மாற்றியிருந்தார்கள். நேர்வழியைச் சேறாக்கி, சுற்றுவழியைச் செம்மண் சாலையாக்கியது போன்ற ஏற்பாடு அது. ஆனால் பழைய இழைகள் பலவற்றில் நட்டநடுவில் அந்தப் பக்குவம் சிறிது பிசகியிருந்தது. இழையை உருவாக்கும்போதே நேர்ந்த குறை அது. எல்.இ.டி. விளக்கு மையம் முழுவதும் ஒளியை நிறைத்ததால், நடுவிலுள்ள சிறு குறை வெளியே தெரியவில்லை. லேசரின் ஒளியோ ஊசிமுனை போன்றது. அது நேராக நடுவிலேயே போய் விழுந்தது. பல்லாண்டு மறைந்து கிடந்த குறை புதிய கருவி வந்ததும் வெளிப்பட்டது.

விதி எழுதிய ஐ.இ.இ.இ. அமைப்பினர் இழைகளைத் தோண்டி எறியுங்கள் என்று சொல்லவில்லை. 1,300 நானோமீட்டர் லேசருக்கு ஓர் எளிய வழி கண்டார்கள். கருவிக்கும் பழைய இழைக்கும் இடையே ஒரு சிறப்பு இணைப்பு வடத்தைப் போட்டார்கள். அதனுள் ஒற்றைத்தட இழை ஒன்று, பலதட இழையின் நடுவை விட்டுச் சுமார் 20 மைக்ரான் தள்ளி ஒட்டப்பட்டிருக்கும். லேசர் ஒளி பிசகிய நடுவைத் தொடாமல் ஓரமாகவே உள்ளே நுழையும். அவ்வளவுதான் மருந்து. அந்தச் சிறு வடத்தின் உதவியால் பழைய 62.5 மைக்ரான் இழையிலும் கிகாபிட் செய்தி 550 மீட்டர் சென்றது. குறையின் காரணத்தைச் சரியாக அறிந்ததால், ஒரு முழ வடம் ஒரு வளாகத்தையே தோண்டும் செலவை மிச்சப்படுத்தியது.

வேகத்தின் ஆசை அத்துடன் நிற்கவில்லை. 2002ஆம் ஆண்டு 10 கிகாபிட் விதி வந்தது. 850 நானோமீட்டர் லேசரைக் கொண்டு பழைய 62.5 மைக்ரான் இழையில் எட்டிய தூரம் 33 மீட்டர்! இரண்டாயிரம், இருநூற்றெழுபத்தைந்து, முப்பத்து மூன்று என்று எல்லை எப்படி இறங்கியது பாருங்கள். ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க்கட்டடத்தின் வாசலுக்குக்கூட அது எட்டாமல் போகலாம். இதே காலத்தில் லேசருக்கென்றே பக்குவப்படுத்திய 50 மைக்ரான் இழை வந்தது. ஓ.எம்.3 என்று பெயர் பெற்ற அது 300 மீட்டர் எட்டியது. தொலைபேசித் துறை 1970ஆம் ஆண்டுகளிலேயே கையாண்ட 50 மைக்ரான் அளவு இவ்வாறு புதுப் பக்குவத்தோடு திரும்பி வந்தது. பழைய இழை வைத்திருந்தவர்களுக்காக 2006ஆம் ஆண்டு இன்னொரு விதி வெளியாயிற்று. கலங்கி வரும் செய்தியைப் பெறும் முனையிலேயே மின்னணுச் சில்லு கொண்டு தெளிவாக்கும் முறை அது. அதனால் பழைய 62.5 மைக்ரான் இழையிலும் 10 கிகாபிட் வேகம் 220 மீட்டர் வரை இயன்றது.

இனி ஒற்றைத்தட இழைக்கு வருவோம். 1984ஆம் ஆண்டு அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பு அதற்கு ஒரு தர விதி வகுத்தது. அதில் ஒரே தடம் என்பதால் குழுக்கள் கலக்கும் தொல்லை இல்லை. அந்த விதிப்படி செய்த நல்ல இழையில் அன்று ஓடிய வேகத்தைவிடப் பன்மடங்கு வேகம் இன்று ஓடுகிறது. 10 கிகாபிட் கருவி அதில் 10 கிலோமீட்டர் எட்டுகிறது. புதைத்த இழை அப்படியே இருக்க, இரு முனைகளில் உள்ள கருவிகள் மட்டுமே மாறின. கருவி சில ஆண்டுகளில் மாறும் பொருள். இழை ஒரு தலைமுறை மண்ணில் கிடக்கும் பொருள். மாறாத பொருளை வாங்கும்போது நாளைய தேவையையும் எண்ணிப் பார்ப்பதே சிக்கனம்.

ஒன்றோடொன்று சேராத இழைகளைச் சேர்த்தால் என்னவாகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். எல்.இ.டி. ஒளி நிறைந்த 62.5 மைக்ரான் இழையை 50 மைக்ரான் இழையோடு இணைத்தால், மையத்தின் பரப்பு குறைவதால் மட்டுமே நூற்றில் 36 பங்கு ஒளி வீணாகும். அதே இழையை 9 மைக்ரான் இழையோடு இணைத்தால் நூற்றில் இரண்டு பங்குதான் உள்ளே நுழையும். எதிர்த்திசையில், சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும்போது இழப்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு திசையில் செய்தி போகும், மறுதிசையில் வராது. ‘நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை’ என்று பணியாளர் தலையைச் சொறியும் இடங்கள் சிலவற்றில் இப்படிப்பட்ட கலப்பு இணைப்பே மறைந்திருக்கும்.

பொருத்தத்திற்குத் துணைசெய்யும் பொருள்களும் உண்டு. பழைய எஸ்.டி., எஸ்.சி. செருகிகளையும் புதிய எல்.சி. செருகியையும் சேர்க்க இருமுனை வேறுபட்ட வடங்கள் கிடைக்கின்றன. சுவிட்ச் கருவியில் செருகி எடுக்கக்கூடிய சிறு ஒளிப்பெட்டகம் வந்தபின், முழுக் கருவியையும் மாற்றாமல் அந்தப் பெட்டகத்தை மட்டும் பழைய முனைக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் 10 கிகாபிட் துளையில் ஒரு கிகாபிட் பெட்டகம் நுழையலாம். அந்தக் கருவி அதை ஏற்குமா என்பதைக் கருவியின் குறிப்பேட்டில் பார்த்த பிறகே வாங்க வேண்டும். நெடுந்தொலைவுக்கான வலிய லேசரைக் குறுகிய இழையில் மாட்டினால் எதிர்முனைக் கருவி தாங்காது. இடையே ஒளி குறைப்பான் வைக்க வேண்டும். வடத்தின் நிறமும் ஓரளவு வழிகாட்டும். ஆரஞ்சு நிறம் பழைய பலதட இழை, நீலப்பச்சை ஓ.எம்.3 போன்ற லேசருக்கான இழை. மஞ்சள் ஒற்றைத்தட இழை. வெளியே புதைக்கும் வடங்கள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதால், மேலே அச்சிட்ட எழுத்தைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை. இழையின் முனையை எவரும் கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் வரும் ஒளி பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் அது இல்லை என்று பொருளன்று. ஒளி வருகிறதா என்று அறிய அளவுமானி உண்டு. கண்ணைக் கருவியாக்க வேண்டாம்.

நம் நாட்டில் ஜாரிங் இணையச் சேவை 1992ஆம் ஆண்டு தொடங்கியது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்கும் மைரென் வலையமைப்பு 2005ஆம் ஆண்டு வந்தது. இத்தகைய பெரிய வலைகள் வளாகத்தின் வாசல்வரை வேகத்தைக் கொண்டுவந்து சேர்க்கலாம். வாசலிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் மாணவர் விடுதிக்கும் அதைக் கொண்டுசெல்வது வளாகத்துக்குள் கிடக்கும் இழையே. அந்தக் கடைசிச் சில நூறு மீட்டரில் பொருத்தம் கெட்டால், வாசலில் உள்ள வேகத்தால் விடுதியில் இருக்கும் மாணவருக்குப் பயனில்லை. நாம் அனுப்பிவைத்த பிள்ளையும் அந்த விடுதியில்தான் படித்துக்கொண்டிருக்கும்.

இத்தொழிலுக்குப் போகும் இளைஞர்கள் எந்த வளாகத்தில் கால் வைத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். மையத்தின் அளவு என்ன? இரு முனையிலும் ஒளியின் அலைநீளம் ஒன்றா? இரு முனையிலும் வேகம் ஒன்றா? அந்த வேகத்துக்கு இந்த இழை எவ்வளவு தூரம் தாங்கும்? நான்குக்கும் விடை தெரிந்தால் பழையதும் புதியதும் ஒன்றாக வேலை செய்யும். தெரியாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் விளக்கெரியாத பெட்டிதான்.

இன்னொன்றும் உண்டு. இழையைப் புதைத்தவர் ஓய்வு பெற்றுவிடுவார். கருவி விற்றவர் ஊர் மாறிவிடுவார். என்ன இழை, எத்தனை மீட்டர், எங்கே இணைப்பு, அளந்தபோது எவ்வளவு இழப்பு என்ற விவரங்களை அன்றே எழுதி வைத்தால்தான் அடுத்து வருபவருக்கு உதவும். அந்தக் குறிப்பு இல்லாத இடத்தில் நல்ல இழையும் சந்தேகத்தினால் கைவிடப்படும். கெட்ட இழையும் நம்பிக்கையினால் பயன்படுத்தப்படும். தோட்டத்தில் நாம் பெரட்டுப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் அறிந்தவர்கள். எழுதி வைத்த வரிக்கு எத்தனை மதிப்பு என்பதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் தொழிலுக்கும் கொண்டுசெல்லட்டும்.